இரண்டு அங்குலம் உயர்த்தினால் மூன்று பாகை போகும்

ஒக்டோபர் மழை பிடித்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. கராஜ் கதவைப் பாதி இறக்கிவிட்டுத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு சின்ன லொறி வந்து நின்றது. பின்னால் கயிறு போட்டுக் கட்டிய நாலு சில்லு ஏ.டி.வி. ஒன்று. லொறியிலிருந்து இறங்கிய தம்பி நமுனுகுலை மலையடியில் இருக்கிற ஒரு தோட்டத்தின் மேல் டிவிசனைச் சேர்ந்தவன். ஆறு வருசம் கட்டாரில் வேலை செய்துவிட்டு ஊருக்கே வந்துவிட்டான்.

"அண்ணே, இத ரெண்டு இஞ்சி ஒசத்தியிருக்கேன். ஆனா வளைவுல ஒரு மாதிரி ஆடுது. கொஞ்சம் பாத்துக் குடுங்க."

வண்டி எல்லப் பக்கம் வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு ஓடியது. 250 சிசி சீனத் தயாரிப்பு. பின்னால் ஒரே அச்சு, செயின் இழுவை. முன்னால் ஒவ்வொரு சில்லுக்கும் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு ஆர்ம். வாடகைக்கு ஓடும்போது அது போனதெல்லாம் மண் பாதை, புல் தரை. இப்போது அது ஏற வேண்டியது தோட்டத்து ஸ்டோர் சந்தியிலிருந்து மேல் லயத்துக்குப் போகிற இரண்டரைக் கிலோமீட்டர்.

அந்தப் பாதையை எனக்கும் தெரியும். வெள்ளைக்காரன் காலத்தில் கருங்கல் பதித்தது. பதித்த கல்லில் பாதி இப்போது தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது, மீதி வாய்க்காலில் கிடக்கிறது. குறுக்கே தண்ணீர் போக வெட்டிய கான் எட்டோ ஒன்பதோ இருக்கும். தோட்டத்து லொறி சந்தியோடு நின்றுவிடும். த்ரீவீலர்காரர்கள் வெயில் நாளில் பாதி தூரம் வருவார்கள், மழை நாளில் கைவிரித்துவிடுவார்கள். 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், அதில் வருகிறவர்கள் நல்ல பிள்ளைகள், ஆனால் பாதை நிற்கிற இடத்தில்தானே அவர்களும் நிற்க முடியும். அதற்கு மேல் நோயாளியைக் கதிரையில் வைத்துத் தூக்க வேண்டும், இல்லாவிட்டால் பழைய மாதிரி கம்பளியில் கட்டித் தோளில் சுமக்க வேண்டும்.

அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், பிள்ளைகளின் பாடசாலைப் புத்தகம், எல்லாம் அந்த வழியாகத்தான் மேலே போகிறது. தம்பி அதற்காகத்தான் சேர்த்த காசில் வண்டியை வாங்கியிருக்கிறான். "ஆள் ஏத்தாத தம்பி, இது ஒரு ஆள் வண்டி" என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தான். "ஏத்தாம எப்புடிண்ணே இருக்கிறது, வருத்தக்காரவுங்க வந்து நின்டா?" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்த ஒரு கேள்விக்குப் பிறகு இந்த வேலையை நான் வேறு மாதிரித்தான் செய்தேன். இந்த ஆர்மை நம்பி ஒரு நாள் ஒரு நோயாளி உட்காரப் போகிறார் என்ற நினைப்போடு செய்தேன்.

அவன் உயர்த்தியிருந்த விதம் எல்லாரும் செய்கிற விதம்தான். ஷொக் அப்சோபருக்கு மேலே ஒரு துண்டுப் பைப்பை வெட்டி வைத்து, நீளமான போல்ட் போட்டு இறுக்கியிருந்தான். வண்டி இரண்டு அங்குலம் எழும்பி நின்றது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

தூக்குக்குண்டை எடுத்தேன். கொத்தனார் சுவர் பார்க்கிற அதே தூக்குக்குண்டு. முன் சில்லின் ரிம் பத்து அங்குலம். நூலைப் பக்கத்தில் தொங்கவிட்டு, மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் நூலிலிருந்து எவ்வளவு தூரம் என்று ஸ்கேல் வைத்து அளந்தேன். மேல் விளிம்பு கீழ் விளிம்பைவிட 6 மில்லி வெளியே சாய்ந்து நின்றது. ஏறக்குறைய ஒன்றரைப் பாகை. மறு பக்கமும் அப்படியே. குதிரை ஓட்டுகிறவன் கால் மாதிரி இரண்டு சில்லும் கீழே உள்வாங்கியிருந்தன.

ஏன் அப்படி என்பதை அந்தத் தம்பிக்குச் சொன்ன மாதிரியே இங்கேயும் சொல்கிறேன். ஒரு கதவைத் திறக்கும்போது அதன் விளிம்பு நேர்கோட்டில் போவதில்லை, வட்டமாகப் போகிறது. ஆர்மும் அப்படித்தான். ஒரு முனை சட்டத்தில் புஷ் போட்டுக் கட்டியது, மறு முனை சில்லோடு. சில்லு கீழே இறங்க இறங்க அது வட்டத்தில் உள்ளே வருகிறது. இந்த வண்டியின் கீழ் ஆர்ம் 280 மில்லி. பழைய நிலையில் 10 பாகை அளவு கீழே சாய்ந்திருக்கும். 50 மில்லி உயர்த்தியதும் சாய்வு 20 பாகையைத் தாண்டிவிட்டது. கணக்குப் போட்டால் ஒவ்வொரு பக்கமும் சில்லு 13, 14 மில்லி உள்ளே வந்திருக்கிறது. இரண்டு பக்கமும் சேர்த்தால் 27 மில்லி. மேல் ஆர்ம் 230 மில்லிதான், அதன் சாய்வும் குறைவு, அதனால் அது 10 மில்லிதான் உள்ளே வந்தது. அந்த வித்தியாசம்தான் சில்லின் தலை வெளியே சாய்ந்ததற்குக் காரணம்.

சில்லு சாய்ந்தால் டயர் ஒரு பக்கம் தேயும், அது பெரிய விசயமில்லை, டயர் மாற்றலாம். நான் பயந்தது வேறு கணக்கைப் பார்த்து.

வண்டியின் சில்லுக்குச் சில்லு அகலம் 800 மில்லி. ஆளும் உட்கார்ந்தால் மொத்த எடையின் மையம் தரையிலிருந்து 650 மில்லி உயரத்தில் இருக்கும் என்று எடுத்துக்கொள்வோம். அகலத்தில் பாதியை உயரத்தால் பிரித்து, அந்த விகிதத்தை டான்ஜென்டாகக் கொண்ட கோணத்தைப் பார்த்தால் வண்டி எத்தனை பாகை பக்கச் சரிவில் குடை சாயும் என்று கிடைக்கும். பழைய வண்டிக்கு 31.6 பாகை. உயர்த்திய பிறகு உயரம் 700 ஆகிவிட்டது, முன் அகலம் 773 ஆகக் குறைந்துவிட்டது. முன் பக்கத்துக்கு இப்போது 28.9. ஏறக்குறைய மூன்று பாகை போய்விட்டது. இது நிற்கிற வண்டிக்கான கணக்கு. வளைவில் திரும்பும்போது, ஒரு பக்கச் சில்லு கல்லில் ஏறும்போது, பின்னால் சிலிண்டர் ஆடும்போது இன்னும் குறையும்.

பதுளை மாவட்டத்தில் பிறந்த எவருக்கும் இந்த மூன்று பாகையின் பெறுமதியை நான் விளக்கத் தேவையில்லை. எங்கள் பாதைகளுக்கு ஒரு பக்கம் மண் சுவர், மறு பக்கம் தேயிலை, அதற்குக் கீழே ஒன்றுமில்லை. 2021 மார்ச் 20இல் பசறை 13ஆம் கட்டையில் பஸ் பள்ளத்தில் விழுந்த இடத்தைக் கடக்கும்போது இன்றைக்கும் பஸ்ஸுக்குள் பேச்சு நின்றுவிடும். விழுந்த கல் ஒன்று பாதையின் அகலத்தை எடுத்துக்கொண்டிருந்த இடம் அது. பாதையும் வண்டியும் கைவிடுகிற இடத்தில் ஒரு சில அங்குலமே உயிர்.

ஏ.டி.வி.யின் சரித்திரமே குடைசாய்வின் சரித்திரம்தான். ஹொண்டா 1970இல் கொண்டுவந்த முதல் வண்டிக்கு மூன்று சில்லு. பெரிய பலூன் டயர். அமெரிக்காவில் ஏராளமானோர் அதிலிருந்து விழுந்தார்கள், அதிலும் பிள்ளைகள் அதிகம். கடைசியில் 1988இல் அந்த நாட்டு அரசோடு செய்த உடன்பாட்டின்படி உற்பத்தியாளர்கள் மூன்று சில்லு வண்டி விற்பதையே நிறுத்தினார்கள். நாலு சில்லு வண்டியே நிலைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். அப்படிப் பாடுபட்டுச் சேர்த்த அகலத்தையும் உயரத்தையும் நாங்கள் ஒரு துண்டுப் பைப்பால் கலைத்துவிடக் கூடாது.

"அப்ப எறக்கிறவாண்ணே?" என்று கேட்டான். இறக்கினால் கல் வயிற்றில் அடிக்கும். எஞ்சின் ஒயில் பிளக் அந்த இடத்தில்தான் இருக்கிறது, ஏற்கனவே ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. உயரமும் வேண்டும், அகலமும் வேண்டும். ஆர்மை நீட்டித்தான் ஆக வேண்டும் என்று முடிவெடுத்தோம். கீழ் ஆர்ம் 280ஐ 320 ஆக்கினால், அதே உயரத்தில் சில்லு பழைய இடத்தைவிட 28, 29 மில்லி வெளியே வரும். முன் அகலம் 857. குடைசாயும் கோணம் 31.5 பாகை. இழந்ததைத் திரும்ப வாங்கிவிட்டோம். பின் அச்சு ஒரே தண்டு என்பதால் அது குறுகவில்லை, ஆனால் வண்டியின் பின்பக்கமும் உயர்ந்துவிட்டது. அதற்கு ஒவ்வொரு பக்கமும் 30 மில்லி ஸ்பேசர் லேத்தில் கடைந்து போட்டோம்.

அந்த மாதிரி ஆர்ம் வெளிநாட்டில் கடையில் கிடைக்கும். இங்கே இந்தச் சீன வண்டிக்குக் கிடைக்காது. கிடைத்தாலும் ரூபாய் 2022இல் விழுந்த பிறகு அந்த விலையைக் கேட்கவே ஆளில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து ஐந்து வருசம் நாங்கள் செய்தது எல்லாம் பழையதைப் புதிதாக்குகிற வேலைதான். த்ரீவீலர் ஸ்விங் ஆர்ம், லேண்ட்மாஸ்டர் அச்சு, லொறி ஷாக்கிள் பின், எது உடைந்தாலும் புதிது கிடைப்பது அரிதாக இருந்தது, கடைந்துதான் ஆக வேண்டியிருந்தது. ஊவாவில் லேத் வைத்திருக்கிற பாஸ்மாரின் கை அந்த ஐந்து வருசத்தில் தேறிய அளவு அதற்கு முந்திய இருபது வருசத்தில் தேறியதில்லை என்று நான் நினைக்கிறேன். அந்தக் கைக்கு இந்த நாட்டில் யாரும் ஒரு சான்றிதழ் கொடுக்கவில்லை, கொடுத்திருக்க வேண்டும்.

குழாயைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். தண்ணீர் போகிற கெல்வனைஸ் பைப்பில் ஆர்ம் செய்கிறவர்களைக் கண்டிருக்கிறேன். தயவுசெய்து செய்ய வேண்டாம். அதன் மேலுள்ள நாகப் பூச்சு வெல்டிங் சூட்டில் புகையாகி மூச்சுக்குள் போகும், இரவு முழுக்கக் காய்ச்சல் அடிக்கும், வெல்டிங்கும் பிடிக்காது. நாங்கள் கொழும்புக்கு ஆள் அனுப்பி, பழைய சோனகத் தெருவில் சீம்லெஸ் குழாய் எடுத்தோம். வெளி விட்டம் 25 மில்லி, சுவர் 2.5 மில்லி. போல் ஜொயின்ட் பஞ்சிகாவத்தையில்.

ஏன் 25க்கு 2.5? வண்டியும் ஆளும் சுமையுமாக 310 கிலோ என்று வைத்தால் முன் சில்லு ஒன்றுக்கு 70 கிலோ அளவில் வரும். கல்லில் ஓடி இடித்தால் அதன் மூன்று மடங்கு, 210 கிலோ. அந்த விசை ஆர்மை வளைக்கப் பார்க்கிற இடம் ஷொக் பூட்டுகிற பிடி. அங்கே இரண்டு குழாயும் பங்கு போட்டால் சதுர மில்லிக்கு 130 நியூட்டன் அளவுக்கு இழுவிசை வரும். சாதாரண மைல்ட் ஸ்டீல் 250 அளவில்தான் வளையத் தொடங்கும். ஏறக்குறைய இரண்டு மடங்கு கையிருப்பு. இதைவிடக் குறைவான கையிருப்போடு ஒரு நோயாளியை ஏற்றுகிற வண்டிக்கு நான் செய்ய மாட்டேன்.

இனி சரிப்படுத்துகிற பகுதி. ஆர்மை நீட்டினால் போதாது, பூட்டிய பிறகு நீளத்தைக் கூட்டிக் குறைக்க முடிய வேண்டும். வெல்டிங் சூட்டில் எந்தக் குழாயும் ஒரு மில்லி, இரண்டு மில்லி இழுத்துக்கொள்ளும். அதனால் மேல் ஆர்மின் வெளி முனையில் ஒரு தடித்த குச்சி இரும்பை லேத்தில் கடைந்து உள்மரை வெட்டி வைத்தோம். 14 மில்லி, சுற்றுக்கு 1.5 மில்லி மரை. போல் ஜொயின்டின் கால் அதற்குள் திருகி ஏறும், லொக் நட் பிடித்துக்கொள்ளும்.

ஹெய்ம் ஜொயின்ட் போடலாமே என்று ஒருவர் கேட்டார். கோளம் வளையத்துக்குள் உருள்கிற அந்த ஜொயின்ட் அழகானது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் விமானங்களில் இருந்ததைப் பார்த்துத்தான் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அதைச் செய்யத் தொடங்கினார்கள். அமெரிக்காவில் ஹெய்ம் என்றும் இங்கிலாந்தில் ரோஸ் ஜொயின்ட் என்றும் பெயர். பந்தய வண்டிக்கு அதைவிட நல்லதில்லை. ஆனால் அதற்கு மூடி இல்லை. பசறைச் செம்மண் மழையில் கரைந்து அதற்குள் போனால் அது அரத்தாள் மாதிரி தேய்க்கும். ரப்பர் மூடி போட்ட, உள்ளே கிரீஸ் நிறைந்த சாதாரண போல் ஜொயின்ட்தான் எங்கள் மண்ணுக்குச் சரி.

இந்த ஜொயின்டில் ஒரு சிரமம் இருக்கிறது. அதன் தண்டு எப்போதும் கீழ் நோக்கியே நிற்க வேண்டும், ஆகவே அரைச் சுற்று, கால் சுற்று திருப்ப முடியாது. முழுச் சுற்றுத்தான். ஒரு சுற்று 1.5 மில்லி, மேல் கீழ் ஜொயின்டுகளுக்கு இடையில் 150 மில்லி, அப்படியானால் ஒரு சுற்றுக்கு அரைப் பாகைக்குச் சற்று மேல். அந்தப் படி எங்களுக்குப் போதும். ஆனால் மரை உள்ளே பிடித்திருக்கிற நீளம் விட்டத்தின் ஒன்றரை மடங்குக்குக் குறையக் கூடாது, அதாவது 21 மில்லி. அதற்காக ஜொயின்டின் காலில் 21 மில்லி இடத்தில் சிவப்புப் பெயின்ட் அடித்துவிட்டேன். பெயின்ட் வெளியே தெரிந்தால் வண்டியை எடுக்காதே என்று தம்பிக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

வெல்ட் செய்யும்போது ஆர்மை அளவு மாறாமல் பிடித்து வைக்கிற ஜிக் செய்யவே இரண்டு நாள் போனது. ஒரு பழைய சனல் இரும்பை நேர் பார்த்து, சட்டத்தில் உள்ள துளைகளின் அளவுக்கு அதில் துளை போட்டு, புஷ் குழாய்களைப் போல்டால் இறுக்கிவிட்டுத்தான் முதல் டேக் வைத்தோம். பதுளையில் நவம்பரில் காற்றே ஈரம். வெல்டிங் குச்சி 7018, ஈரம் குடித்தால் உள்ளே வாயுவாகி இரும்பை வெடிக்க வைக்கும். அன்று உடைத்த பாக்கெட்டை ஒரு மரப்பெட்டியில் பல்ப் எரியவிட்டு அதற்குள் வைத்தே எடுத்தோம். வலதில் கொஞ்சம், இடதில் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி ஓட்டினால்தான் ஆர்ம் கோணாது.

இங்கே என் பிழையையும் சொல்ல வேண்டும். முதல் முறை பூட்டி இறக்கியதும் வண்டியின் மூக்கு அமுங்கி நின்றது. இரண்டு அங்குலம் உயர்த்திய வண்டியில் ஒரு அங்குலத்துக்கு மேல் காணவில்லை. ஷொக் ஸ்பிரிங் செத்துவிட்டது என்று தம்பி நினைத்தான். ஸ்பிரிங்கில் குற்றமில்லை. நான் ஆர்மை நீட்டினேன், ஷொக் பூட்டுகிற பிடியைப் பழைய இடத்திலேயே, உள் முனையிலிருந்து 180 மில்லியில் வைத்துவிட்டேன். நீளக் கட்டையின் நுனியில் நின்று தள்ளினால் சின்னப் பிள்ளையும் கல்லைப் புரட்டும் இல்லையா? சில்லு இப்போது அந்தப் பிள்ளையாகிவிட்டது. விகிதத்தை வர்க்கம் செய்து பார்த்தால் சில்லு உணர்கிற ஸ்பிரிங் பலத்தில் ஏறக்குறைய கால்வாசி குறைந்துவிட்டது. 180ஐ 320ஆல் பெருக்கி 280ஆல் பிரித்தால் 206 வரும். பிடி அங்கே இருந்திருக்க வேண்டும். கீழ் ஆர்ம் இரண்டையும் கழற்றி, பிடியை அறுத்து, 26 மில்லி வெளியே நகர்த்தி, சட்டத்தில் மேல் பிடியையும் அதற்கேற்ப மாற்றினோம். தம்பியின் துண்டுப் பைப்பை அன்றைக்குக் கழற்றிப் போட்டோம். இரண்டு நாள் வேலை வீண். ஆனால் பிடி வெளியே போனதால் குழாயை வளைக்கிற நெம்பு 140 மில்லியிலிருந்து 114 ஆகக் குறைந்தது. மேலே நான் சொன்ன 130 நியூட்டன் அந்தத் திருத்திய கணக்குத்தான்.

வெல்டிங்கை எப்படி நம்புவது? எங்களிடம் எக்ஸ்ரே இல்லை. எங்கள் லேத் பாஸுக்கு எழுபதைத் தாண்டிய வயது. அவர் சொல்லிக் கொடுத்தது: வெல்டிங்கைக் கம்பித் தூரிகையால் நன்றாகத் துப்புரவாக்கி, மண்ணெண்ணெயில் நனைத்து ஒரு இரவு வைக்க வேண்டும். காலையில் நன்றாகத் துடைத்துவிட்டு, சுண்ணாம்பைக் கரைத்து மெல்லப் பூசிக் காயவிட வேண்டும். வெடிப்பு இருந்தால் அதற்குள் ஊறிய மண்ணெண்ணெய் கசிந்து சுண்ணாம்பில் கோடாகத் தெரியும். ரயில் சில்லுக்கும் அச்சுக்கும் ஒரு காலத்தில் இப்படித்தான் பார்த்தார்களாம். பதுளைக்கு ரயில் வந்தது 1924இல். இந்த ஊரில் இரும்பு வேலை அறிந்த கைகளில் சில அந்தத் தண்டவாளத்தோடு வந்தவை என்று நினைக்கிறேன்.

நாலு ஆர்மையும் பூசி வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பார்த்தோம். மூன்று வெள்ளையாகவே இருந்தன. இடது கீழ் ஆர்மில், குழாயோடு பலகை இரும்பு சேர்கிற மூலையில், மயிரிழை மாதிரி ஒரு மஞ்சள் கோடு. ஒரு அரிசி நீளம். முதல் நாள் மழைக் காற்று அடிக்கும்போது அந்த மூலையை வெல்ட் செய்தது எனக்கு ஞாபகம் வந்தது. சூடு சட்டென்று இறங்கியிருக்கிறது. பாஸ் ஒன்றும் பேசவில்லை, கிரைண்டரை எடுத்து என் கையில் கொடுத்தார். முழுவதையும் அரைத்தெடுத்து, குழாயை முதலில் சூடாக்கி, திரும்ப வெல்ட் செய்து, சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிட்டோம். மறுபடி மண்ணெண்ணெய், மறுபடி சுண்ணாம்பு. இந்த முறை வெள்ளை.

ஹேண்டிலையும் சில்லையும் இணைக்கிற டை ரொட்டை வெல்ட் செய்து நீட்ட வேண்டாம் என்று எல்லாருக்கும் சொல்கிறேன். அது விட்டால் ஹேண்டில் கையில் சும்மா சுற்றும். 40 மில்லி நீளமாகப் புதுக் கம்பியே கடைந்தோம். ஒரு முனை வலது மரை, மறு முனை இடது மரை. இடது மரை வெட்டுகிற கருவி எங்கள் கைக்குக் கிடைக்கவில்லை, பாஸ் லேத்திலேயே வெட்டினார். டை ரொட்டும் ஆர்மும் ஒரே மாதிரி வட்டத்தில் அசைந்தால்தான் சில்லு குழியில் இறங்கும்போது தானாகத் திரும்பாது. பிரேக் ஹோஸையும் மறக்கக் கூடாது. முன் பக்கத்தை ஜக் போட்டுத் தூக்கி, சில்லு முழுவதும் தொங்கும்போது ஹோஸ் இழுபடுகிறதா என்று பார்த்தோம். இழுபட்டது. நீளமான ஹோஸ் போட்டோம்.

கடைசியில் தூக்குக்குண்டு. மேல் கீழ் ஆர்ம் இரண்டையும் 40 மில்லி நீட்டியிருந்தாலும் சில்லின் தலை இன்னும் 5 மில்லி வெளியே நின்றது. மேல் ஜொயின்டைக் கழற்றி இரண்டு சுற்று உள்ளே திருப்பிப் பூட்டினோம். நூல் ரிம்மின் மேலேயும் கீழேயும் ஒரே அளவில் நின்றது. மறு பக்கமும் இரண்டு சுற்று. நான் நிறைய வண்டி செய்திருக்கிறேன். கணக்கில் வந்ததும் நூலில் வந்ததும் அப்படியே ஒன்றாக நின்றதைப் பார்த்த அந்த நிமிசம் கண் கலங்கிவிட்டது. தம்பி பார்த்துக்கொண்டு நின்றான்.

டிசம்பரில் மேலே போய்ப் பார்த்தேன். அவன் முன்னால் ஓட்ட, நான் பின்னால் நடந்தேன். ஒவ்வொரு கானிலும் சில்லு இறங்கி ஏறுவதைக் குனிந்து பார்த்தேன். வயிறு எங்கும் தட்டவில்லை. ஒரு பக்கச் சில்லு கல்லில் ஏறினாலும் சட்டம் நிதானமாக இருந்தது. லயத்து வாசலில் ஒரு பெரியம்மா என்னைப் பார்த்து, "நீங்கதானா தம்பி வண்டி செஞ்சவரு? போன கெழம எங்க மருமகள இதுலதான் சந்தி வரைக்கும் எறக்கினோம், அங்க அம்புலன்ஸ் நின்டிச்சு" என்றார். பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் நலம்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். லொக் நட் இறுக்கம், ரப்பர் மூடி, சிவப்புப் பெயின்ட், வெல்டிங்கில் சுண்ணாம்பு, நாலையும் நானே பார்க்கிறேன். பிரதான வீதிக்கு இந்த வண்டியை இறக்கக் கூடாது என்பது எங்களுக்குள் பேச்சு. அது தோட்டத்துப் பாதைக்காகச் செய்த வண்டி.

உங்கள் தோட்டத்திலும் யாராவது பைப் துண்டு வைத்து வண்டியை உயர்த்தியிருந்தால், முதலில் ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பாருங்கள், சில்லுக்குச் சில்லு அகலத்தை அளந்து பாருங்கள். அளவோடு என்னிடம் வாருங்கள், காசைப் பற்றிப் பிறகு பேசலாம். ஜிக்கைக் கழற்றவில்லை, மேசையில் அப்படியே போல்ட் போட்டு வைத்திருக்கிறேன்.